ஒற்றைச் சிறகுப் பாட்டு

கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈக்களை விரட்டுமுன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெண் சற்றுப் பெரியது. ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும். எனக்குப் பிடித்தது ஆணின் முன்னங்கால்: அதில் பத்துப் பன்னிரண்டு தடித்த கறுப்புப் பற்களோடு ஒரு குட்டிச் சீப்பு! தலைவார அல்ல, கூடும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள. அதற்கு முன் ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைத்துப் பாடியாக வேண்டும். பெண் அதை உணர்கொம்பால் கேட்கிறது. பிடிக்காவிட்டால் ஓர் உதை.

பாட்டு வாத்தியார் யாருமில்லை; பாட்டு மரபணுவிலேயே இருக்கிறது. ஃப்ரூட்லெஸ் என்ற மரபணுவின் நகல், ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது. 2005இல் வியன்னாவில் அதன் ஆண் வடிவத்தைப் பெண் ஈக்களுக்குக் கொடுத்தார்கள். அவை மற்றப் பெண்களைத் துரத்திப்போய்ச் சிறகை நீட்டின.