நிறுத்தாமல் மாற்றலாம், நிறுத்தி மாற்றுவதே நல்லது

திணறும் பழைய கணினிக்கு மலிவான வைத்தியம், ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது. கணினி ஓடும்போதே விண்டோஸை அப்படியே புது டிஸ்குக்கு ஏற்றும் ‘குளோனிங்’ இதில் சுலபமான வழி. வேலை நிற்காது என்பதுதான் இதன் கவர்ச்சி. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடைக்கோ வெங்காய மண்டிக்கோ அந்தக் கவர்ச்சி அவசியமா?

குளோனிங்கின் பலம் சாதாரணமானதல்ல. டேலி, பில் பிரிண்டர், அழைப்பிதழ் அச்சகத்தின் பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போட்டது போட்டபடி வந்துவிடும். ஃபார்மேட் அடித்தால், தொலைந்துபோன சிடிக்களை எங்கே தேடுவது? 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் ஒரே மூச்சில் நகர்த்த இதுவே வழி. பழைய டிஸ்கிலிருந்து படிக்க மட்டுமே செய்வதால், நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் மறுபடி தொடங்கினால் போதும்.

பலவீனம் ‘ஓடும்போதே’ என்பதில் இருக்கிறது. விண்டோஸ் ஒரு கணத்தில் டிஸ்கின் நிலையை உறையவைத்து, அந்த நிலையைத்தான் நகலெடுக்கத் தருகிறது. அதன்பின் போட்ட பில்கள் பழைய டிஸ்கிலேயே தங்கிவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்கும்படி எழுதப்படாத மென்பொருளின் கோப்புகள், திடீரென்று பிளக்கைப் பிடுங்கியதுபோல் அரைகுறையாகப் பதியலாம். லினக்ஸில் டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம் வேறு ரகம்: நகர்த்தும்போதே புதிய பதிவுகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆனால் பூட் லோடரைத் தனியாக நிறுவ வேண்டும்.

வைரஸும் கெட்ட கோப்பும்கூட அப்படியே குடிபெயரும். ‘டக் டக்’ என்று சத்தம் போடும் டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொன்னால் அங்கேயே உயிர்விடலாம். அதில் முதலில் கணக்குக் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். மிகப் பழைய மதர்போர்டு என்விஎம்இ டிஸ்கிலிருந்து பூட் ஆகாது. அதற்கு சாட்டா எஸ்எஸ்டிதான் சரி.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவும் பகலும் ஷிஃப்ட் ஓடினால், சர்வரை நிறுத்தாமல் மாற்றுவதில் நியாயம் உண்டு. இரவில் ஷட்டரை இறக்கும் கடைக்கு அந்த அவசரம் இல்லை. பென் டிரைவில் குளோன்சில்லா என்ற குளோனிங் மென்பொருளை ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால், விண்டோஸ் உறங்கும் நேரத்தில் முழு நகல் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, விண்டோஸ் மறுபடி எழும்முன் பென் டிரைவுக்குப் போக வேண்டும்.

ஆக, குளோனிங்கில் குறையில்லை. நிறுத்தாமல் செய்யும் அவசரம்தான் சிறுகடைக்குத் தேவையற்றது. எப்படிச் செய்தாலும், கடைசி பில் எண் புது டிஸ்கிலும் அதேதானா என்று உரிமையாளரே பார்க்கும்வரை பழைய டிஸ்கை அழிக்கக் கூடாது.