பிளாட்டினத்தின் சாம்பல் நிறங்கள்

பிளாட்டினம் அச்சில் கறுப்பு அவ்வளவு கறுப்பாக இருக்காது. நம் ஸ்டூடியோக்கள் காலங்காலமாகக் கழுவித் தந்த பளபளப்பான சில்வர் ஜெலட்டின் பிரிண்டில் கறுப்பு இதைவிட அடர்த்தி. இருந்தும் கறுப்பு வெள்ளைப் படத்தின் உச்சம் எது என்று கேட்டால் பிளாட்டினம் என்றுதான் சொல்வேன். காரணம், அதன் சாம்பல் நிறங்கள்.

ஃபிரெடரிக் எவன்ஸ் 1903இல் இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் எடுத்த ‘படிகளின் கடல்’ படத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மிதிபட்டுத் தேய்ந்த கற்படிகள் மேலேறி, வலப்பக்கமாகப் பிரிந்து திரும்புகின்றன. கால்கள் குழித்த இடங்களில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது; அது எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதையே வெள்ளித் தாளில் அச்சிட்டால், வெளிச்சமான கல் சீக்கிரம் வெளுத்துவிடும், நிழல் அடைத்துக்கொள்ளும். பிளாட்டினத்திலோ வெள்ளைக்கு ஒட்டினாற்போலவே பல மெல்லிய சாயல்கள் தனித்தனியாகத் தெரியும். எவன்ஸ் நெகட்டிவிலும் அச்சிலும் கைவேலை செய்வதை விரும்பாதவர். அவருக்கு இந்தத் தாளே போதுமாக இருந்தது.

இந்த முறைக்கு வில்லியம் வில்லிஸ் 1873இல் காப்புரிமை பெற்றார். இரும்பு உப்பும் பிளாட்டினம் உப்பும் கலந்த கரைசலைத் தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டுவார்கள். ஒளி பட்ட இரும்பு, டெவலப்பரில் பிளாட்டினத்தை உலோகமாகப் படியவைக்கும். பிறகு அமிலக் கழுவலில் இரும்பு போய்விடும். மேலே வைத்த நெகட்டிவ் எந்த அளவோ, அச்சும் அந்த அளவுதான். ஆல்புமன் அச்சில் முட்டை வெள்ளைக்கருவுக்குள்ளும், சில்வர் பிரிண்டில் ஜெலட்டினுக்குள்ளும் இருக்கும் உருவம், இங்கே துணியில் சாயம் ஊறுவதுபோலத் தாளின் நாரிலேயே நிற்கிறது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் புரியும்: மற்ற இரண்டிலும் விளக்கின் மினுக்கம் குறுக்கே வரும், பிளாட்டினத்தில் படம் மட்டுமே தெரியும். கிராவியூர் அச்சு இதற்கு மிக நெருங்கி வரும். ஆனால் லூப் வைத்தால் மையின் பொடிப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

உறுதியும் அப்படித்தான். வீட்டுப் பழைய படங்களில், தாத்தாவின் கறுப்புக் கோட்டில் நீலம் பாய்ந்த ஒரு மினுமினுப்பு ஏறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது மேலே கிளம்பி வந்த வெள்ளி. பிளாட்டினம் அப்படி அசையாது. அது தன்னை விட்டுவிட்டு அருகில் இருப்பதைத்தான் மாற்றும்: ஆண்டுக்கணக்கில் எதிரே ஒட்டியிருந்த தாளில் அதே படம் இடவலம் மாறி, மங்கிய பழுப்பில் பதிந்திருக்கும். பழைய அச்சு பிளாட்டினம்தானா என்று பார்ப்பவர்கள் தேடும் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. எட்வர்ட் வெஸ்டன் பிளாட்டினத்தில் தேர்ந்தவர். ஆனால் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படத்தை வெள்ளித் தாளில்தான் அச்சிட்டார். அந்தத் தோலின் வழவழப்புக்குப் பளபளப்பும் கடுங்கறுப்பும் தேவைதான்.

முதல் உலகப்போரின்போது பிளாட்டினம் வெடிமருந்து உற்பத்திக்குப் போய், விலை ஏறி, தாள் அரிதானது. எவன்ஸ் படமெடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். 1960களில் அமெரிக்காவின் இர்விங் பென் இந்த முறையைக் கையிலெடுத்து, கறுப்பு போதாத குறைக்கும் ஒரு வழி கண்டார். ஈரத்தில் தாள் விரிந்து சுருங்காதபடி அலுமினியத் தகட்டில் ஒட்டி, அதே தாளில் திரும்பத் திரும்பக் கரைசல் பூசி, ஒரே படத்தை மேலும் மேலும் அச்சிட்டார். மிதிபட்ட சிகரெட் துண்டுகளை, நெகட்டிவைப் பெரிதாக்கி, இப்படிப் பெரிதாக அச்சிட்டு, 1975இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார். கசங்கிய தாளின் ஒவ்வொரு மடிப்பும், பிதுங்கிய புகையிலையின் ஒவ்வொரு இழையும் அதில் தனியாகத் தெரிகின்றன. கறுப்பை அவ்வளவு ஏற்றிய பின்னும் சாம்பல் நிறங்களில் ஒன்றுகூட அடைபடவில்லை.