தக்கராசுக்கா: பெண்கள் கட்டிய ஆண்

ஜப்பானின் ஒசாக்காவிலிருந்து தக்கராசுக்கா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு 1910இல் ஒரு மின்ரயில் பாதை திறக்கப்பட்டது. ஹன்க்யூ என்று பின்னாளில் பேரெடுத்த கம்பெனி போட்ட பாதை அது. அதை நடத்திய கோபயாஷி இச்சிசோவுக்குக் கடைசி நிலையம் வரை ஆள் ஏற வேண்டுமே என்ற கவலை இருந்தது. பாதையோரம் மனை பிரித்துத் தவணையில் வீடு விற்றார். பாதை முடியும் இடத்தில் குளியல் மாளிகையும் அதற்குள் ஒரு நீச்சல் குளமும் கட்டினார். தண்ணீர் உடம்பு தாங்காத அளவுக்குச் சில்லிட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தவும் அனுமதியில்லை. குளம் படுத்துவிட்டது. அதன் மேல் பலகை பரப்பி இருக்கை போட்டார்கள், உடை மாற்றும் இடத்தை மேடையாக்கினார்கள். தோக்கியோவில் மித்சுகோஷி பல்பொருள் அங்காடி சிறுவர்களைக் கொண்டு நடத்திய இசைக்குழுவைப் பார்த்து, 1913இல் சிறுமிகளைச் சேர்த்துப் பாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார் கோபயாஷி. 1914 ஏப்ரல் 1 அன்று அந்தக் குழு குளத்தின் மேல் முதல் நிகழ்ச்சியை நடத்தியது.

ஆண் வேடங்களையும் பெண்களே கட்டும், நூறாண்டைத் தாண்டிவிட்ட இந்த அரங்கைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி, பெண் ஆணாக நடிப்பதன் பாலியல் பொருள் என்ன என்ற கேள்வியையே சுற்றி வருகிறது. முக்கியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண் எப்படிச் செய்யப்படுகிறான், யாருடைய உழைப்பில், எந்த ஏற்பாட்டில் என்பதற்குக் கிடைத்த கவனம் போதாது. என் பார்வையில் தக்கராசுக்காவின் அச்சாணி, அங்கே நடிப்பவர்கள் எத்தனை வயதானாலும் மாணவிகளாகவே கருதப்படுவதில் இருக்கிறது. கலையை வளர்த்ததும் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததும் அந்த ஒரே ஏற்பாடுதான்.

அன்றைய ஜப்பானில் மேடையேறும் பெண்ணுக்கு நல்ல பெயர் கிடையாது. நடுத்தரக் குடும்பம் மகளை அனுப்பவும் வேண்டும், குடும்பத்தோடு வந்து பார்க்கவும் வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்தின் மதிப்பு தேவைப்பட்டது. 1919இல் இசைப் பள்ளி வந்தது. தூய்மையாக, நேர்மையாக, அழகாக இரு என்பது குறிக்கோள் வாசகமாயிற்று. இன்றும் பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் தேர்வெழுதி, ஆண்டுக்கு சுமார் 40 பேர் சேர்கிறார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்தவர்கள் மட்டுமே மேடையேறலாம். கல்யாணம் ஆனால் விலகிவிட வேண்டும். முதலாண்டு மாணவிகள் பருத்திக் குச்சியாலும் ஒட்டு நாடாவாலும் தூசி துடைத்த கதையும், மூத்தவர்கள் யாராவது உள்ளே இருக்கக்கூடும் என்று ஓடும் ஹன்க்யூ ரயிலைப் பார்த்துக் குனிந்து வணங்கிய கதையும் பிரசித்தம். ரயிலுக்கு வணக்கம் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டதாகப் பள்ளி அறிவித்தது 2020இல்தான்.

கோபயாஷி கட்ட நினைத்தது பெண்கள் அரங்கை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மேல்நாட்டு இசையோடு கபுக்கி என்ற மரபு நாடகத்தைக் கலந்து, சாதாரண ஜனங்கள் கையைக் கடிக்காத கட்டணத்தில் பார்க்கும் ஒரு தேசிய நாடகம் அவருடைய கனவு. ஆண்களையும் சேர்க்கப் பலமுறை முயன்றார். போருக்குப் பின் 1945இல் ஓர் ஆண் பிரிவே தொடங்கியது. பெரிய அரங்கின் மேடையில் அவர்களுக்கு நடிக்க இடம் கிடைக்கவேயில்லை, திரைமறைவில் பின்பாட்டுத்தான். 1954இல் அந்தப் பிரிவு கலைந்தது. நிறுவனர் விரும்பியும் நடக்காத காரியம் அது. ரசிகைகளுக்கு வேண்டியிருந்தது வேறொரு ஆண்.

அந்த ஆணைச் செய்யப் பத்து வருஷம் பிடிக்கும் என்பது அரங்குக்குள் வழங்கும் பேச்சு. ராஜபார்ட் எடுப்பவர் இடுப்பின் வளைவு தெரியாமல் துணி சுற்றி, தோளுக்கு மெத்தை வைத்து, மார்பை இறுக்கிக் கட்டி, குரலை அடிவயிற்றிலிருந்து எடுக்கப் பழகுகிறார். கால்சட்டைப் பையில் கை நுழையும் விதம், தொப்பி விளிம்பைத் தொடும் விரல், காதலியின் தோளில் படியும் கையின் சாய்வு எல்லாம் மூத்தவரைப் பார்த்துப் பார்த்து இளையவர் வாங்கிக்கொள்ளும் பாடங்கள். தெருவில் நடக்கும் ஆணை நகலெடுத்தால் இது வராது. ஸ்திரீபார்ட் எடுப்பவர்களின் வேலையை விமர்சகர்கள் மிகக் குறைவாகவே மதிக்கிறார்கள். நீண்ட பாவாடைக்குள் முழங்காலை மடக்கித் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்பது போலவே தோன்றி ஆடுவது அவர்கள் பாடு. எதிரில் நிற்கும் ஆண் ஆணாகத் தெரிவதில் பாதி அவர்களுடைய உபயம். மேடையில் சூடும் தலை அலங்காரங்களையும் அவர்களே தம் கையால் செய்துகொள்கிறார்கள். இதைப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

1974இல் இந்தக் கலை ஒரு விசித்திரமான உச்சத்தைத் தொட்டது. தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்திருந்த காலம். இக்கேதா ரியோக்கோவின் படக்கதையான ‘வெர்சாய் ரோஜா’வை மேடையேற்றினார்கள். ஆண் வாரிசு இல்லாத தளபதி, மகளை ஆஸ்கார் என்று பெயரிட்டு ஆணாக வளர்க்கிறார். பிரெஞ்சுப் புரட்சியில் அவள் ஜனங்கள் பக்கம் போகிறாள். இயக்குநராக வந்தவர் ஹசெகாவா கசுவோ, கபுக்கியில் பெண் வேடம் கட்டிப் பழகி, பின்னர் சினிமாவில் நட்சத்திரமானவர். பெண்ணாக நடிக்கத் தேர்ந்த ஓர் ஆண், ஆணாக நடிக்கத் தேர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஆணாக வாழும் பெண்ணை எப்படி நடிப்பது என்று கற்றுக்கொடுத்தார். கண்ணில் விளக்கொளி நட்சத்திரமாக மின்ன வேண்டுமானால், மாடியில் இன்ன இருக்கையிலிருந்து கீழே இன்ன இருக்கைக்குப் பார்வையை நகர்த்து என்பது அவர் சொன்ன நுணுக்கம். ஆஸ்காரும் அவள் காதலன் ஆந்த்ரேயும் தழுவும் காட்சியில் நடிகையின் இடுப்பு வலியில் துடிக்கும், பார்ப்பவருக்கு அது ஓவியம் போலிருக்கும். படக்கதையில் வரைந்த கண்ணை ரத்தமும் சதையுமான முகத்தில் கொண்டுவரும் தொழில்நுட்பம் அது. முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 14 லட்சம் பேர் பார்த்தார்கள்.

நேரில் போய்ப் பார்க்காமல் இந்த அரங்கை எழுதக் கூடாது. ஒசாக்காவின் உமேதா நிலையத்தில் அரக்கு நிற ஹன்க்யூ ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று அதிகம். இறங்கி, செர்ரி மரங்கள் நிற்கும் ‘மலர்ப் பாதை’ வழியே நடந்தால் 2,550 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கு. இப்போதுள்ள கட்டடம் 1993இல் திறந்தது. வரிசையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை சேர்ந்து வருவதும் உண்டு. முதலில் ஒன்றரை மணி நேர நாடகம், அரை மணி இடைவேளை, அடுத்து ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டமும் பாட்டும். இசைக் குழியைச் சுற்றி வளைந்து போகும் ‘வெள்ளிப் பாலம்’ என்ற ஒடுங்கிய நடைமேடையில் நட்சத்திரம் வந்து நின்றால், முன்வரிசைக்காரர் கை நீட்டும் தூரம்தான்.

கடைசியில் 26 படிகள் கொண்ட பெருஞ்சரிவு மேடையை அடைத்து நிற்கிறது. ஒவ்வொரு படியின் அகலமும் 23 சென்டிமீட்டர், பாதம் முழுசாகப் படியாது. முதுகில் ஆளைவிடப் பெரிய இறகுச் சிறகு, எதிரே கண்ணைப் பறிக்கும் விளக்கு. குனிந்து படியைப் பார்க்கக் கூடாது, சிரிப்பு மாறக் கூடாது, பாட்டு நிற்கக் கூடாது. இளையவர் முதலில், நட்சத்திரம் கடைசியில். யாருக்கு எத்தனை இறகு, யார் தனியாக இறங்குவது, யார் கூட்டத்தோடு இறங்குவது என்பதில் ஐந்து குழுக்களின் படிநிலை முழுவதும் எழுதியிருக்கிறது. மலர், நிலா, பனி, விண்மீன், அண்டவெளி என்பவை அந்தக் குழுக்கள். பழகிய ரசிகை அந்த ஐந்து நிமிடத்தில் ஒருத்தியின் பத்தாண்டு உயர்வையோ தேக்கத்தையோ படித்துவிடுவாள். எனக்குப் பிடித்ததும் என்னை உறுத்தியதும் அந்தப் படிகள்தான்.

ஆங்கிலத்தில் இந்தத் துறையைத் திறந்துவிட்டவர் மானிடவியலாளர் ஜெனிஃபர் ராபர்ட்சன். 1998இல் வந்த அவர் நூல், நல்ல மனைவிகளை உருவாக்கும் இடமாக நிர்வாகம் கண்ட அரங்கை ரசிகைகள் எப்படித் தம் ஆசைக்கு வளைத்துக்கொண்டார்கள் என்பதையும், பேரரசுக் காலப் பிரச்சாரத்தில் அரங்குக்கு இருந்த பங்கையும் காட்டியது. துணிச்சலான நூல். என்றாலும் படித்து முடித்தபின் மேடையில் பட்ட வியர்வை நினைவில் நிற்பதில்லை. லியோனி ஸ்டிக்லண்ட் 2008இல் நடிகைகளையும் ரசிகைகளையும் பேச வைத்து எழுதியது அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. கிம் லாங்கினாட்டோவும் ஜானோ வில்லியம்ஸும் 1993இல் எடுத்த ‘ட்ரீம் கேர்ள்ஸ்’ ஆவணப்படம் பள்ளித் தரையைத் துடைக்கும் பெண்களைக் காட்டி, நடிகைகளையும் ரசிகைகளையும் பேச வைக்கிறது. என் கணக்கில் இன்றும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

ராபர்ட்சன் எழுப்பிய பேரரசுக் கேள்விக்கு நமக்குக் கிட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1927இல் தக்கராசுக்கா மேடையேற்றிய ‘மோன் பாரி’ ஜப்பானின் முதல் ரெவ்யூ, அதாவது ஆட்டமும் பாட்டும் காட்சிகளாகத் தொடரும் நிகழ்ச்சி. கோபேயில் கப்பலேறி சீனா, இலங்கை, எகிப்து வழியாகப் பாரிஸ் போகும் ஒருவனின் பயணம் அது. கால்சட்டையில் சக்கரம் வரைந்துகொண்டு வரிசையாக நின்ற பெண்கள், கால்களை வீசி ரயிலாகவே ஓடிக் காட்டினார்கள். முதலாளி ரயில் கம்பெனி என்பதை மறந்துவிட வேண்டாம். அந்தக் கதையில் இலங்கை வழியில் வந்துபோகும் ஒரு காட்சி மட்டுமே. 2024 ஜனவரியில் விண்மீன் குழு ராஜமௌலியின் ‘ஆர்ஆர்ஆர்’ படத்தை மேடையேற்றியபோது, அக்குழுவின் நட்சத்திரம் ரேய் மகோத்தோ கதைத்தலைவன் பீமாக நின்று வெள்ளையரை எதிர்த்தார். நமக்கு மரகதமணியாகத் தெரிந்த கீரவாணியின் ‘நாட்டு நாட்டு’ அந்த மேடையில் ஆடப்பட்டது. வழியில் வந்துபோகும் காட்சியாக இருந்த நம் நிலப்பரப்பு கதைத்தலைவனின் இடத்துக்கு வர ஏறக்குறைய நூறாண்டு ஆகியிருக்கிறது. இதைப் பற்றி விரிவான ஆய்வு வர வேண்டும்.

2023 செப்டம்பரில் அண்டவெளிக் குழுவைச் சேர்ந்த 25 வயது நடிகை ஒருவர் இறந்துபோனார். இறப்பதற்கு முந்தைய மாதத்தில் அவர் செய்த கூடுதல் வேலை 118 மணி நேரத்துக்கு மேல் என்றது நிர்வாகம் அமர்த்திய விசாரணைக் குழு. குடும்பத்தின் வழக்கறிஞர்கள் 277 மணி நேரம் என்றார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. இளையவர்களைப் பழக்குவதும், வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து தலை அலங்காரம் செய்வதும் வேலையா, மாணவியின் கடமையா? ஆறாம் ஆண்டிலிருந்து நடிகைகள் சம்பள ஊழியர்களாகக்கூட இருக்கவில்லை, தனித்தனி ஒப்பந்தக்காரர்களாக இருந்தார்கள். முதலில் துன்புறுத்தல் நடந்ததற்கு ஆதாரமில்லை என்ற நிர்வாகம், 2024 மார்ச்சில் அதை ஒப்புக்கொண்டு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. வாரத்துக்குப் பத்துக் காட்சி என்பதை ஒன்பதாகக் குறைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகப் பாராட்டப்பட்ட ஒழுக்கம், ஓர் இளம்பெண்ணால் தாங்க முடியாத பாரமாக மாறியிருந்தது. இனி எந்த ஆய்வாளரும் அந்த மரணத்தைத் தாண்டிப் போய் இறகின் அழகை மட்டும் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

வேறு ஏற்பாடு சாத்தியமா என்று கேட்பவர்கள் ஒசாக்காவின் ஓஎஸ்கே என்ற பெண் ரெவ்யூக் குழுவைப் பார்க்க வேண்டும். 1922இல் ஷோச்சிக்கு நிறுவனம் தொடங்கிய குழு அது. பின்னர் கின்தெத்சு ரயில் கம்பெனியின் ஆதரவில் இருந்தது. கம்பெனி கைவிட்டதும் 2003இல் குழு கலைக்கப்பட்டது. ஆட்டக்காரிகள் தெருவில் நின்று கையெழுத்து திரட்டினார்கள், தாங்களே கூடி மேடை பிடித்தார்கள், மறு ஆண்டே ஒசாக்கா ஷோச்சிக்குசா அரங்குக்குத் திரும்பினார்கள். நடுவில் கடனில் மூழ்கியும் எழுந்து, 2022இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள். இவ்வளவு நடந்தும் பெண் ரெவ்யூ பற்றிய நூல்களில் ஓஎஸ்கேவுக்கு அடிக்குறிப்பு அளவுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. அந்தப் பெண்களிடம் போய், மாணவியாக இல்லாமல் ஆண் வேடம் கட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி, கூலியை யார் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டு எழுத யாராவது கிளம்ப வேண்டும்.