தீபாவளி டியூட்டி

தீபாவளிக்குத் துணிக்கடையில் கூடுதலாக ஆள் எடுக்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள். பி.காம். படித்தவனான எனக்கு இதில் புகார் ஏதுமில்லை. சீசன் வியாபாரம், சீசன் ஆள்.

இதே கணக்கை அரசு ஆஸ்பத்திரியில் போட்டால்?

சீர்காழிப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீபாவளி, அடைமழை, காய்ச்சல் மூன்றும் உங்கள் ஊருக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். 2022 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே, மறந்திருக்க மாட்டீர்கள். மழை எவ்வளவு பெய்யும் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் எந்த மாதத்தில் பெய்யும் என்று தெரியாதா? தீபாவளியும் பொங்கலும் என்றைக்கு என்று காலண்டரிலேயே அச்சடித்துத் தருகிறார்களே! நாற்று விடும்போதே நடவுக்கு எத்தனை ஆள் என்று கணக்குப் போடும் மண் இது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏன் வருவதில்லை?

பண்டிகைக்கு நாலு நாள் தற்காலிக ஆள் போட்டால் தப்பில்லை. வருஷம் பூரா வேண்டிய ஆளை 'தற்காலிகம்' என்று எழுதி வைப்பதுதான் தப்பு.

2015-ல் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பலருக்குப் பலிக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அடுத்து கொரோனா. 2020-ல் அவசர அவசரமாக எடுக்கப்பட்டவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது. புத்தாண்டு பிறந்தபோது வீதியில் நின்றார்கள். முறைப்படி தேர்வு நடக்கவில்லை என்றது அரசு. இருக்கலாம். தொற்று வார்டில் இறக்கிவிட்டபோது இந்த முறை ஏன் நினைவுக்கு வரவில்லை? பிறகு மாற்று வேலை தருவதாகச் சொன்னார்கள். அதுவும் ஒப்பந்தம்தான்!

"சம்பளச் செலவு மிச்சமாகுதே சார்" என்பீர்கள். மிச்சம் ஒரு பக்கம் எழுதினால் நஷ்டத்தை இன்னொரு பக்கம் எழுத வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழு 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நர்ஸ் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி என்றால், ஆபரேஷன் ஆனவர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் ஏறுகிறது. ஆள் எண்ணிக்கைக்கே இந்த விலை. அவசர மருந்து எந்த அலமாரியில் என்று தெரியாத புது ஆளை ராத்திரி டியூட்டியில் தனியாக விட்டால் என்ன விலை என்று நீங்களே யோசியுங்கள்.

வழி இல்லாமலா போயிற்று? ரயில்வேயைப் பாருங்கள். 'லீவ் ரிசர்வ்' என்றே பணியிடங்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் லீவில் போனால் அந்த இடத்தில் நிற்பதுதான் அவர்கள் வேலை. வேலை நிரந்தரம், இடம் மட்டும் மாறும். மாவட்டத்துக்கு ஒரு பட்டியலாக இப்படி நர்ஸுகளை வைத்து, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் முன்கூட்டியே பழக்கிவிட்டால் போதும். பண்டிகைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போவார், பழகிய இன்னொருத்தர் வார்டுக்கு வருவார்.

ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாமல் சீர்காழியில் ரயிலை விட மாட்டார்கள். படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்களேன்.