சொல்லும் மொழியும்: பிரெயிரேயின் கினி-பிசாவ் கடிதங்கள்

வளர்ந்தோர் கல்வி பற்றிய உரையாடல் நம்மிடையே பாவ்லோ பிரெயிரேயின் பெயருடன் தொடங்குகின்றது. பெரும்பாலும் அப்பெயருடனேயே முடிந்தும் விடுகின்றது. 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை'யைப் போற்றுவோருட் பலர் அவரது 'கினி-பிசாவுக்குக் கடிதங்கள்' (1977) என்னும் நூலைக் கற்பதில்லை. ஆயின், அவரது கோட்பாட்டின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுவது இந்நூலே என்பது என் துணிபு.

பிரேசிலின் அங்கிக்கோஸ் நகரில் 1963இல் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தார் பிரெயிரே. கற்போரின் வாழ்விலிருந்து சொற்களைத் தெரிந்து, அவற்றை அசைகளாகப் பிரித்து, அவ்வசைகளால் புதிய சொற்களை அவர்களே ஆக்குமாறு செய்வது அவரது முறை. அதற்கோர் அடிப்படை இருந்தது: அச்சொற்கள் கற்போரின் நாவில் ஏற்கெனவே வாழ்ந்தன. பிரேசிலில் பெரும்பாலும் அனைவரும் போர்த்துக்கேயம் பேசியமையால் இவ்வடிப்படை எவர் கண்ணிலும் படவில்லை.

கினி-பிசாவ் 1973இல் சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. அதன் அரசு அழைக்க, 1975இல் பிரெயிரே அங்கு சென்றார். மக்கள் பலந்தா, ஃபுலா, மண்டிங்கா முதலிய மொழிகளைப் பேசினர். அவ்வினங்களைக் கிரியோல் இணைத்தது. எனினும் எழுத்தறிவு போர்த்துக்கேயத்திலேயே புகட்டப்பட்டது. கிரியோலுக்கு நிலைபெற்ற எழுத்துமுறை இல்லாமை, வெளியுலகத் தொடர்பின் தேவை ஆகியன அற்பமான காரணங்களல்ல. ஆயினும் விளைவு யாது? பலந்தா விவசாயி தன் வயலைச் சுட்டும் அயற்சொல்லை முதலில் மனனஞ் செய்யவேண்டும். அதன் பின்னரே அதனை வாசிக்கலாம். பிரெயிரே கண்டித்த 'வங்கிமுறைக் கல்வி' அவரது பெயராலேயே மீண்டும் வந்தமர்ந்தது. வேலைத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

செடெங்கால் கிராமத்தில் கல்வி வட்டத்தினர் கூட்டுப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டதைப் பிரெயிரே பெருமிதத்துடன் குறிப்பிடுகின்றார். அப்பெருமிதம் நியாயமானதே. ஆனால் அம்மக்கள் கூடிச் சிந்தித்தது தாம் பேசிய மொழியிலன்றி வேறெம்மொழியில் இருந்திருத்தல் கூடும்? சமுதாய மேம்பாடு ஒரு மொழியிலும் எழுத்து இன்னொரு மொழியிலுமாகப் பிரிந்து நின்றமையை நூல் போதியளவு விசாரணை செய்யவில்லை.

மொழித்தேர்வு அரசினுடையது என்றும், தாம் அதனை அன்றே சுட்டிக்காட்டியதாகவும், டொனால்டோ மசேடோவுடன் 1987இல் வெளியிட்ட நூலில் பிரெயிரே விடையிறுத்தார். கல்வி ஆணையாளருக்குத் தாம் 1977இல் எழுதிய கடிதத்தை அதற்குச் சான்றாக்கினார். விருந்தினராகச் சென்றவரின் இக்கட்டு விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் கடிதங்களின் தொகுப்பில் அக்கடிதம் இடம்பெறாமை அதன் பெருங்குறை. உரையாடலே கல்வி என்று கற்பித்தவர், உரையாடுவதற்குரிய மொழி எதுவென்ற வினாவை வாசகர்முன் உரிய காலத்தில் வைக்கவில்லை.

இது பிரெயிரேயை நிராகரிப்பதற்கான காரணமன்று. அவரை முழுமையாகக் கற்பதற்கான காரணமாகும். எழுத்தறிவுப் பணிக்கெனக் கிராமங்களுக்குச் செல்ல விழையும் மாணவராகிய நாம், 'எம்முறையிற் கற்பிப்பது?' என்று வினவுமுன் 'எம்மொழியில்?' என்று வினவுதல் வேண்டும். அதற்கான விடையையும் கற்க வருவோரிடமே முதலிற் கேட்டறிதல் வேண்டும்.