மாறனேர் நம்பியின் சரமக் கிரியையும் சாத்திர மரியாதையும்

சாத்திரம் பகவானின் ஆணை என்பது வைணவ சம்பிரதாயம் முழுவதற்கும் பொதுவான கொள்கை. அவ்வாணையை மீறியவராகத் தோன்றும் ஆசாரியரை அச்சம்பிரதாயமே கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படும் ஐயம்.

ஆளவந்தாரின் அடியாரான மாறனேர் நம்பி, வருண முறையில் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தில் தோன்றியவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி பிரம்மமேத விதிப்படி அவருக்குச் சரமக் கிரியை செய்தார். ஊரார் பெரிய நம்பியை விலக்கி வைத்தனர். இராமானுசர் காரணம் வினவியபோது, சடாயுவுக்குக் கிரியை செய்த இராமபிரானையும், விதுரர் திறத்தில் தருமபுத்திரன் நடந்துகொண்ட முறையையும், அடியார் பெருமை பேசும் நம்மாழ்வாரின் திருவாய்மொழிப் பதிகங்களையும் பெரிய நம்பி பிரமாணமாகக் காட்டினார் என்று குருபரம்பரை கூறும்.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் ஐவரில் மூத்தவர், நால்வரில் மூத்தவர், மூவரில் முற்பட்டவர் என இம்மூவரையும் ஒரே கோவையில் வைத்து, அவர்கள் ஐயுறாமல் அதனைச் செய்தனர் என்கிறார். இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பாரதத்து ஆசிரமவாசிக பருவத்தில் தருமபுத்திரன் விதுரருக்குத் தகனம் செய்ய முற்படுகையில் அசரீரி அதனைத் தடுத்துவிடுகிறது. அவ்வாறாயின் இவ்வுதாரணம் பொருந்துமோ எனின், பொருந்தும். அசரீரி தடுத்தது விதுரர் யதி தருமத்தை அடைந்தவர் என்பதனாலேயன்றி அவருடைய பிறப்பு நோக்கியன்று. மன்னன் தன்னளவில் பிறப்பை எண்ணித் தயங்கவில்லை. ஐயுறாமை என்று நாயனார் எடுத்துக்கொண்டது அந்தத் துணிவையே.

வேதாந்த தேசிகரின் நிலை வேறு. ரஹஸ்யத்ரயசாரத்தில் பிரபாவ வ்யவஸ்தாதிகாரத்திலும் சாத்திரீய நியமனாதிகாரத்திலும் அவர் இரண்டு எல்லைகளை வகுக்கிறார். பாகவதனின் பெருமை உண்மையானது. ஆயினும் அதனால் வருண நியமம் கழிந்துபோகாது. பிரபன்னனும் பகவதாணைக்குக் கட்டுப்பட்டவனே. இதனைக் குறுகிய நோக்கு என்று தள்ளுவது எளிது, நேர்மையன்று. தம் பக்தியைக் காரணம் காட்டி எவரும் எவ்விதியையும் கடக்கலாமாயின், விதி என்பதே எஞ்சாது.

இவ்வாட்சேபத்துக்கு விடை பெரிய நம்பியின் செயலிலேயே உள்ளது. அவர் மீறியது தம் சுகத்துக்காகவன்று. மறைவில் செய்யவில்லை, விலக்கை ஏற்றார். தம் விருப்பத்தைப் பிரமாணமாக்காமல், எதிர்ப்போரும் ஏற்கும் இதிகாசத்தையும் ஆழ்வாரையுமே முன்வைத்தார். ஆகவே அது சாத்திரத்தை விட்டு விலகியதன்று. சாமானிய தருமத்தை விசேஷ தருமத்தால் வரையறுத்தது. இந்நான்கு இலக்கணமும் இல்லாத மீறல் வெறும் மீறலேயாகும்.

அண்மைக் காலத்திலும் இவ்விலக்கணம் உரைகல்லாகும். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றார். நுழைந்தோருக்குக் காப்பளித்த சென்னை மாகாணச் சட்டம் அதன் பின்னரே வந்தது. 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டமும், 1950-இல் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவும் தொடர்ந்தன. செயல் முந்தியது, விதி பிந்தியது. வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டியுள்ள எம்.கே.பி. நகர் மகாகவி பாரதியின் பெயரைத் தாங்குவது. அவர் புதுவையில் கனகலிங்கத்துக்கு வெளிப்படையாகப் பூணூல் அணிவித்ததும், வேத மந்திரத்தைக் கொண்டே செய்த மீறலாதலின், இவ்வகையிலேயே அடங்கும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. மதுரையில் நிகழ்ந்தது சில நாட்களிலேயே சட்டமாயிற்று. பெரிய நம்பியின் அநுட்டானமோ பல நூற்றாண்டுகள் வியாக்கியானங்களில் போற்றப்பட்டும் கோயில் வாயில்களில் நியமமாகவில்லை. அதனை ஒரு மகானுக்கே உரிய விதிவிலக்கு என்று வாசித்துப் பழகியதே இதற்குக் காரணம். விதிவிலக்கு எனக் கொள்வோர்க்கு அது வியப்புக்குரிய கதையாய் நின்றுவிடுகிறது. பிரமாணமாகக் கொள்வோர்க்கோ அது கடமையாகிறது. மூவரையும் ஒரே கோவையில் தொடுத்த நாயனார் அதனைத் தனியொருவர் செயலாக அன்றி முன்னோர் ஒழுக்கத்தின் தொடர்ச்சியாகவே காட்டினார். தொடர்ச்சி என்றால் நான்காமவர்க்கும் அங்கே இடமுண்டு என்பதே அவர் வாக்கின் தாற்பரியம்.