லவ்ஹும் கலமும்: ஊர் இழந்த ஓவியருக்கு ஓர் அருங்காட்சியகம்

ஓர் ஓவியக் கூடத்திற்கு ‘லவ்ஹ் வ கலம்’ எனப் பெயரிட்டவர் அரபு மொழியின் அருமை அறிந்தவராகவே இருக்க வேண்டும். பலகையும் எழுதுகோலும் என்பது நேர்ப்பொருள். அல்புரூஜ் அத்தியாயம் லவ்ஹைப் பேசுகிறது. கலமோ ஒரு முழு அத்தியாயத்திற்கே பெயராக நிற்கிறது. மதரஸாவில் ஓதிய எவரும் இவ்விரு சொற்களையும் வெறும் எழுதுகருவிகளாகக் கேட்டுவிட முடியாது. 28 நவம்பர் 2025 அன்று தோஹாவின் கல்வி நகரில் கத்தர் அறக்கட்டளை திறந்த மக்பூல் ஃபிதா ஹுஸைன் அருங்காட்சியகத்தின் பெயர் இது.

ரஜப் மாதத்தில் உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில் தோஹாவில் ஒருநாள் தங்க நேர்ந்தது. அங்கே பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், கடையநல்லூர்க்காரர், அழைத்துச் சென்றார். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. நீல ஓடு பதித்த முகப்பு. ஹுஸைனே வரைந்து வைத்திருந்த கோட்டுப்படம் ஒன்றைக் கருவாகக் கொண்டு கட்டிடக் கலைஞர் மார்தண்ட் கோஸ்லா வடிவமைத்தது. ஓவியன் தன் நினைவில்லத்தைத் தானே வரைந்து வைத்துப் போவது அரிது. உள்ளே 150க்கும் மேற்பட்ட படைப்புகளும் உடைமைகளும் உள்ளன. ஷைகா மோஸா பின்த் நாஸிர் கேட்டுக்கொண்டதன்பேரில் அரபு நாகரிகத்தைப் பற்றி அவர் தீட்டத் தொடங்கி, முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற தொடரின் ஓவியங்களும் இங்கேதான். அவருடைய இறுதிப் பெரும்பணியான ‘ஸீரூ ஃபில் அர்ள்’ அருகிலேயே இயங்குகிறது. வெனிஸின் முரானோ கண்ணாடியில் வார்த்த குதிரைகளும் பழங்காலக் கார்களும் சுழன்றுவர, பறக்க முயன்ற அந்தலூஸியர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸும் அதில் நினைவுகூரப்படுகிறார்.

கட்டிடத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் மனக்குறை வேறு.

ஹுஸைன் 1915இல் மராட்டியத்தின் பண்டர்பூரில் பிறந்தவர். வைணவ யாத்திரிகர் இலட்சக்கணக்கில் கூடும் பீமா நதிக்கரை ஊர் அது. ஒன்றரை வயதில் தாயை இழந்தார். அவர் முகம் நினைவில் இல்லாததால்தான் பின்னாளில் அவர் வரைந்த பெண்கள் பலருக்கு முகமே இல்லாமல் போயிற்று. வளர்ந்தது இந்தூரில், அழகெழுத்து கற்றது பரோடாவில் ஒரு மதரஸாவில், பிழைத்தது பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டி. இராமாயணத்தைத் தொடராகத் தீட்டும்படி தூண்டியவர் ராம் மனோகர் லோகியா. இத்தனை ஊர்களின் மண்ணும் ஒட்டிய கால்களைத்தான் அவர் கடைசிவரை செருப்பின்றி வைத்திருந்தார். தோஹாவின் பெயர்ப்பலகை அந்த மதரஸாப் பாடத்தை மட்டும் மேலே தூக்கி நிறுத்துகிறது. பண்டர்பூரின் படித்துறைக்கு அந்தப் பெயரில் இடமில்லை.

இதற்குக் கத்தரைக் குறைகூற முடியுமா? 1970களில் அவர் வரைந்த தெய்வ உருவக் கோட்டோவியங்களை 1996இல் ஓர் இந்தி இதழ் தேடியெடுத்து வெளியிட்டது. அதே ஆண்டு அகமதாபாதில் அவர் படைப்புகள் சிதைக்கப்பட்டன. வழக்குகள் குவிந்தன, 2006இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008இல் தில்லி உயர்நீதிமன்றம் அவர்மீதான குற்றவழக்கு நடவடிக்கைகளை ரத்துசெய்தும் அவரால் திரும்ப இயலவில்லை. 2010இல் கத்தர் குடியுரிமை. 2011 ஜூன் 9இல் இலண்டனில் மரணம். உயிரோடு தங்க இடம் கொடுத்தவரே ஓவியங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அகமதாபாதில் பாலகிருஷ்ண தோஷியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நிலத்தடிக் குகைக்கூடம் இன்றும் உண்டு. ஆனால் அவர் பெயர் அதன் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2004இல் அவருடைய ‘மீனாக்ஸி’ திரைப்படத்துப் பாடலொன்றில் குர்ஆனின் சொற்றொடர் இடம்பெற்றதாக உலமா அமைப்பொன்று எதிர்த்தது. படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிறரின் சகிப்பின்மையைப் பட்டியலிடும் நம் மேடைகளில் இந்த ஒரு வரியை நான் கேட்டதில்லை.

உயிருள்ளவற்றை உருவமாக்குவதை இமாம் நவவி எவ்வளவு கடுமையாக விலக்குகிறார் என்பதை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதவில்லை. எனினும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிஸிலிக்குச் சென்ற முஹம்மது அப்துஹூ அங்குள்ள அருங்காட்சியகங்களைக் கண்டு எழுதியதையும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. வணங்குவதற்கல்லாமல் அறிவுக்காகப் படங்களைப் பேணும் சமூகம் தன் நினைவைப் பேணுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வரைவது கூடுமா என்பது ஒரு கேள்வி. வரைந்ததை அழிக்கலாமா, வரைந்தவரை விரட்டலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் பொருத்துகிறவர்களை நான் எல்லாச் சமூகங்களிலும் பார்க்கிறேன்.

முகமில்லாத, சேலையுடுத்த ஒரு பெண்ணின் படத்திற்கு முன்னால் என் மாணவர் நெடுநேரம் நின்றார். பதினோரு ஆண்டுகளாகத் தாயைப் பெரும்பாலும் கைபேசித் திரையில் காண்பவர். “ஹஜ்ரத், முந்தானையைப் பார்த்தாலே போதும், எங்க உம்மாதான்” என்றார். பக்கத்தில் ஓர் ஐரோப்பியத் தம்பதியர் விளக்க அட்டையைப் படித்துக்கொண்டிருந்தனர். அவருக்கு அட்டை தேவைப்படவில்லை. பிறந்த ஊரில் இந்தப் படம் தொங்கியிருந்தால் அன்றாடம் கிடைத்திருக்கக்கூடிய பார்வையாளர், வேலை தேடிக் கடல் கடந்து வந்து அதனைக் கண்டார்.

வெளியே வந்ததும் அவரிடம் நம் பொருநைக் கரையின் கதையைச் சொன்னேன். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரீ பின்னர் அகழ்ந்தவை சென்னைக்குச் சென்றன. நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் திறந்தது டிசம்பர் 2025இல்தான். தோஹாவின் திறப்புவிழாவுக்குச் சில வாரங்கள் கழித்து. பெர்லினுக்குப் போனவை அங்கேயே இருக்க, 149 ஆண்டுகளுக்குப் பின் ஊருக்கென்று ஒரு கூடமாவது வாய்த்தது.

மாணவர் கைபேசியை எடுத்து, ஹுஸைன் நாட்டைவிட்டுப் போன 2006உடன் 149ஐக் கூட்டினார். “பண்டர்பூருக்கு 2155, ஹஜ்ரத்” என்றார். அஸருக்கு நேரமாகிவிட்டது. இருவரும் மினாரதைன் பள்ளிவாசலை நோக்கி நடந்தோம்.